நடத்தின பாடமும் பதிஞ்ச பாடமும்



ஜூன் மாதம் பிறக்கிறது என்றால் நம் எல்லோர் வீட்டிலும் ஒரே அமர்க்களம்தான். நோட்டுக்குப் பழுப்பு அட்டை போடுவது, லேபிள் ஒட்டுவது, போன வருஷத்து யூனிஃபார்மின் கீழ் மடிப்பைப் பிரித்து விடுவது, தண்ணீர் பாட்டிலுக்கு மூடி தேடுவது... இத்தனைக்கும் நடுவில் பக்கத்து வீட்டம்மாவிடம் ஒரு கேள்வி கேட்க மட்டும் மறக்க மாட்டோம். "இந்த வருஷம் எந்த டீச்சர் வந்திருக்காங்க? நல்லா நடத்துவாங்களா?"

நல்லா நடத்துவது என்றால் நம் கணக்கில் என்ன? கணீரென்று பேச வேண்டும். போர்டு நிறைய எழுதிப் போட வேண்டும். நோட்டில் சிவப்பு மையால் டிக் அடித்து அனுப்ப வேண்டும். பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதானே?

"அந்த டீச்சர் இன்னும் ஏதாவது கத்துக்கிட்டு இருக்காங்களா?" என்று நம்மில் யாராவது கேட்டதுண்டா? நான் கேட்டுக் கேள்விப்பட்டதில்லை. நாமெல்லாம் ஆட்டுக்கல்லிலிருந்து கிரைண்டருக்கும், மண்ணெண்ணெய் ஸ்டவ்விலிருந்து காஸுக்கும் மாறி விட்டோம். தெருக்கோடி தையல்காரம்மாகூட வருஷத்துக்கு ஒரு புது ப்ளவுஸ் கட்டிங் கற்றுக்கொள்கிறாள். ஆனால் டீச்சர் என்றால் மட்டும், அவர் எல்லாம் படித்து முடித்து விட்டுத்தான் வந்திருக்கிறார் என்று ஓர் எண்ணம் நமக்கு.

அந்த எண்ணத்தை மாற்றியவர் என் ஓரகத்தி. என்னைவிட நாலு வயது பெரியவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. 2004-ல் தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்து, 2006 ஜூனில் காலமுறைச் சம்பளத்துக்கு வந்தவர். பள்ளியில் இருப்பதோ ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர்! ஒரு வகுப்புக்கு வாய்ப்பாடு சொன்னால் இன்னொரு வகுப்பு சும்மா இருக்கும். சும்மா இருக்கிற வகுப்பு சும்மா இருக்குமா? சத்தம் கூரையைப் பிய்க்கும்.

இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வேலை. ஆனால் அந்த வேலையை அவர் மூன்று தடவை புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

பாயும் அட்டையும்

2003-ல் சென்னை மாநகராட்சி கமிஷனராக இருந்தவர் திரு. எம்.பி. விஜயகுமார். ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷி வேலி பள்ளி இருக்கிறதல்லவா, அங்கே சுற்றுப்புறக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஒரு புதுமுறை வைத்திருந்தார்கள். ஒரே டீச்சர், பல வகுப்பு என்ற நிலைமைக்கென்றே உண்டான முறை. மாநகராட்சி ஆசிரியைகள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதை நம் பாடத்துக்குத் தக்கபடி மாற்றி, முதலில் 13 பள்ளிகளில் ஆரம்பித்து, பிறகு மற்ற மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் கொண்டு போனார்கள். 2007-08-ல் தமிழ்நாட்டின் அத்தனை அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்து விட்டது. செயல்வழிக் கற்றல் என்று பெயர். டீச்சர்கள் வாயில் அது 'ஏ.பி.எல்.'

பெஞ்சு கிடையாது. தரையில் பாய். சுவரைச் சுற்றிலும் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். வரைந்த படம், வெட்டிய காகிதம் எல்லாம் அதில் தொங்கும். பாடம் முழுவதும் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிந்திருக்கும். சுவரில் ஓர் ஏணிப்படம். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அந்த அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். சில அட்டைக்கு டீச்சர் கூடவே இருப்பார். சிலதற்குப் பாதி உதவி. சிலதற்குக் கூடப் படிக்கிற பிள்ளைதான் டீச்சர்!

இதிலே ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அம்மை போட்டோ, பாட்டி ஊர்த் திருவிழாவுக்குப் போயோ பத்து நாள் வராத பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்தே ஏறலாம். "நீ வராதப்ப நடத்தியாச்சு, யார்கிட்டேயாவது நோட்டு வாங்கி எழுதிக்கோ" என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெற்றவர்கள் சும்மா விட்டார்களா? "என்ன டீச்சர், புத்தகத்தையே காணோம். புள்ளைங்க பாய்ல உக்காந்து சீட்டாட்டம் ஆடுதா?" என்று வந்து நின்றார்களாம். ஓரிரண்டு பேர் பிள்ளையை அழைத்துக்கொண்டு டை கட்டுகிற பள்ளிக்கே போய் விட்டார்கள்.

"அவங்களை விடு. எனக்கே அப்படித்தான் இருந்தது" என்பார் அக்கா. "நடத்தறதுன்னா எழுந்து நின்னு, குரல் கொடுத்து நடத்தறதுன்னு பழகிட்டேன். தரையிலே உக்காந்து நாலு பசங்ககூட மெதுவா பேசினா, வேலையே செய்யாம சம்பளம் வாங்கற மாதிரி உறுத்தும்."

அந்த உறுத்தல் போக ஒரு வருஷம் ஆயிற்றாம். உட்கார்ந்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. நின்றபோது அவர் பார்த்ததெல்லாம் முன்வரிசைப் பிள்ளைகளைத்தான். டக்டக்கென்று பதில் சொல்கிற ஏழெட்டுப் பேர் சொன்னாலே, வகுப்பு முழுக்கச் சொன்ன மாதிரி காதில் விழுந்து விடும். தரையில் உட்கார்ந்த அன்று, மூலையில் இருந்த பிள்ளையின் சிலேட்டும் தெரிந்தது.

அதற்காக அட்டையே மந்திரம் என்று சொல்லவில்லை. அட்டை கிழியும், காணாமல் போகும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த படிக்குத் தாவுகிற கில்லாடிகள் உண்டு. பதிவேடு எழுதவே பாதி நாள் போய்விடும். பிற்பாடு இந்த முறையை எளிமையாக்கினார்கள், புத்தகங்களும் மாறின. ஆனால் அக்கா, "முறை போகட்டும், வரட்டும். உக்காரக் கத்துக்கிட்டேனே, அது என்கிட்டயே தங்கிடுச்சு" என்பார்.

தப்பிலும் ஒரு நியாயம்

இந்த 'உட்கார்வது' எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன். நீங்களும் இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் வகுப்புப் பையன். 42-லிருந்து 17 கழிக்க வேண்டும். விடை 35 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட எவ்வளவு நேரம் ஆகும்? அக்கா போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிப் போட்டே, சொல்லு கண்ணா" என்று கேட்டார்.

"ஏழுல ரெண்டு போனா அஞ்சு. நாலுல ஒண்ணு போனா மூணு. முப்பத்தஞ்சு!"

"ரெண்டுலேர்ந்துதானே ஏழைக் கழிக்கணும்?"

"பெரிய நம்பர்லேர்ந்துதான் சின்ன நம்பரைக் கழிக்கணும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

அக்காவுக்குப் பேச்சு வரவில்லையாம். ஒன்றாம் வகுப்பில் அவர் சொன்னதுதானே அது! பையன் கவனக்குறைவாகப் போடவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் போட்டிருக்கிறான். மற்ற நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தால், 53-ல் 28 போனால் 35, 61-ல் 34 போனால் 33 என்று இன்னும் சில பிள்ளைகளும் அதே வழியில் போயிருக்கிறார்கள். வருஷா வருஷம் இப்படித்தான் வந்திருக்கும். வருஷா வருஷம் பெருக்கல் குறி விழுந்திருக்கும்.

மறுநாள் கைப்பையிலிருந்து நாலு பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் எடுத்துப் பையன் கையில் கொடுத்தார். "நான் கடைக்காரம்மா. பதினேழு ரூபா கொடு." பையன் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்தான். மீதி ஏழுக்குக் காசு பார்த்தால் இரண்டுதான் இருக்கிறது. "சில்லறை மாத்தணும் டீச்சர்" என்றான். "மாத்து." ஒரு நோட்டு பத்துக் காசாயிற்று. இப்போது கையில் மூன்று நோட்டு, பன்னிரண்டு காசு. பதினேழு கொடுத்தது போக இரண்டு நோட்டு, ஐந்து காசு மிச்சம். "இருவத்தஞ்சு!" என்று அவனே கத்தினான்.

"நாம 'கடன் வாங்கி'க் கழிக்கச் சொல்றோமே, யார் கடன் வாங்கினா, எப்போ திருப்பிக் கொடுத்தா? அது சில்லறை மாத்தறதுதானே! ஒரு பையன் சொல்லி எனக்குப் புரிஞ்சது" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அன்று முதல் தப்பு விடைகளுக்கென்று தனி நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். பிள்ளையின் பெயர் அதில் இருக்காது. தப்பு மட்டும் இருக்கும். பக்கத்தில், 'ஏன் இப்படி நினைத்திருக்கும்?' என்று ஒரு வரி. குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போவார். மற்றப் பள்ளி டீச்சர்களும், "எங்க பசங்களும் இதேதான் செய்யுதுங்க" என்று ஆரம்பித்தால், அன்றைய பயிற்சியில் அதுதான் ருசியான பகுதியாம்.

எழுபதிலும் மாணவி

இதொன்றும் நம் காலத்துப் புதுமை இல்லை. மரியா மாண்டிசோரி அம்மையார் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தெருவுக்குத் தெரு அவர் பெயரில் நர்சரி இருக்கிறதே! இத்தாலிக்காரர், படிப்பால் டாக்டர். 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தபோது அவருக்கு வயது 69. சில மாதங்களில் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. உலக யுத்தம் காரணமாக, 1946 வரை இந்தியாவிலேயே தங்கும்படி ஆகி விட்டது. ஊர் திரும்ப முடியவில்லையே என்று முடங்கிவிடாமல், கொடைக்கானலில் இருந்தபோது அங்கே இருந்த பெரிய பிள்ளைகளைக் கவனித்துக் கவனித்து, தன் முறையையே மேல் வகுப்புகளுக்கு விரித்தார். எழுபது வயதுக்கு மேல் புதுப் பாடம்! அதுவும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து!

அவர் எழுத்தைப் படித்து மனம் மாறியவர்களில் ஒருவர் குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா. வக்கீல் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்த மனிதர். அவர் எழுதிய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. நாலாம் வகுப்பை ஒரு வருஷம் கதையாலும் விளையாட்டாலும் நடத்திக் காட்டுகிற ஓர் ஆசிரியரின் கதை. சின்னப் புத்தகம்தான். நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். சமையல் குறிப்பு மாதிரி எளிமையாக இருக்கும்.

வாசலில் ஒரு பள்ளிக்கூடம்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியைப் பூட்டினார்கள். ஒன்று முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகளுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றரை வருஷத்துக்கும் மேல்! ஒன்றாம் வகுப்பில் உட்காராத பிள்ளை இரண்டாம் வகுப்புக்கு வந்து நின்றது.

அப்போது வந்ததுதான் 'இல்லம் தேடிக் கல்வி.' 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்க ப்ளஸ் டூ படித்திருந்தால் போதும், ஆறு முதல் எட்டுக்குப் பட்டப்படிப்பு வேண்டும் என்றார்கள். மாதம் ஆயிரம் ரூபாய். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். என் படிப்பு ப்ளஸ் டூ. அக்கா விடவில்லை. "வீட்டிலே சீரியல் பாக்கற நேரம்தானே, வா" என்று பெயரைக் கொடுக்க வைத்து விட்டார்.

நந்திவரம் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பெயிண்டர் பிள்ளை, கட்டட வேலைக்கு வந்தவர் பிள்ளை, இட்லிக் கடைக்காரம்மாவின் பேத்தி என்று பதினெட்டுப் பேர். அதில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி. புத்தகத்தைக் கொடுத்தால் கடகடவென்று ஒப்பிப்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும். ஒரு நாள் அக்கா வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இந்தப் பக்கத்துல 'மரம்'னு எங்கே இருக்கு, தொட்டுக் காட்டு" என்றார். பெண் மலங்க மலங்க விழித்தாள். அண்ணன் படிப்பதைக் காதால் கேட்டே பக்கம் முழுவதையும் மனப்பாடம் செய்திருக்கிறாள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது! எத்தனை கெட்டிக்காரத்தனம் இருந்தால் அதை அத்தனை நாள் மறைத்திருப்பாள்!

"இவளுக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கறது அக்கா? அ, ஆ-விலேர்ந்தா?"

"அவளுக்குத் தினம் கண்ணுல படற எழுத்துலேர்ந்து ஆரம்பி."

தினம் கண்ணில் படுவது எது? ரயில்வே ஸ்டேஷன் பலகை! 'கூடுவாஞ்சேரி' என்று பெரிதாக எழுதியிருக்கிறதே. சகோதரிகளே, நாற்பது வயசு வரை அந்தப் பலகையைப் பார்த்தும் நான் யோசித்ததில்லை. ஆறே எழுத்து. கூ, டு, வா, ஞ், சே, ரி. நெடில் மூன்று, குறில் இரண்டு, புள்ளி வைத்தது ஒன்று. கொம்பு, சுழி, கால் எல்லாம் அதிலேயே வந்து விடுகிறது. அந்த எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, மாற்றி மாற்றி வைத்தால் கூடு, வாடு, சேரி, வாரி என்று சொற்களும் கிடைக்கும். ஒரு வாரம் ஸ்டேஷன் பலகை. அடுத்த வாரம் பஸ் போர்டு. அதற்கடுத்து மளிகைக் கடைச் சீட்டு. பொங்கல் கழிந்து ஒரு நாள், "ஆன்ட்டி, ஊரப்பாக்கம்னு எழுதியிருக்கு, வண்டலூர்னு எழுதியிருக்கு" என்று மின்சார ரயிலில் தான் படித்ததையெல்லாம் வந்து ஒப்பித்தாள். இந்தத் தடவை ஒப்பித்தது அவள் கண்ணால் படித்தது!

நம் ஊர் வாசல் வகுப்புகளுக்கு ஏதாவது பலன் இருந்ததா என்று ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளீதரன் என்ற பொருளாதார நிபுணர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி விட்டதாம். அப்படித் திரும்பியதில் 24 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட கால் பங்கு, இந்தச் சாயங்கால வகுப்புகளால் என்று 2022-ல் சொன்னார்கள். மிச்சம் முக்கால் பங்கும் பெரும்பாலும் பள்ளியில், அக்கா மாதிரி டீச்சர்கள் பாடுபட்டதுதானே?

அரும்பு, மொட்டு, மலர்

2022 ஜூன் 13-ல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது நோக்கம். முதலில் மூன்றாம் வகுப்பு வரை. அடுத்த வருஷம் நாலுக்கும் ஐந்துக்கும். பிள்ளைகளை அவரவர் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அக்கா மறுபடியும் பயிற்சிக்குப் போனார். பாட்டு, பொம்மலாட்டம், கதை, களிமண். நாற்பத்தைந்தைத் தாண்டிய டீச்சர்கள் கைதட்டி ஆடிப்பாடக் கூச்சப்பட்டு நின்றார்களாம். அதிலும் ஒரு பாடம் கிடைத்தது. "புதுசா ஒண்ணைச் செய்யச் சொன்னா எப்படிக் கை கால் உதறுதுன்னு அன்னிக்கு எனக்கே தெரிஞ்சது. போர்டுகிட்டே வரச்சொன்னா பசங்க நெளியுமே, அதேதான்!"

ஒரு குறையும் சொல்வார். எந்தப் பிள்ளை அரும்பு என்று மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டே நாளில் தெரிந்துவிடும். பூப் பெயர் வைத்தாலும் அடியில் இருப்பது அடியில்தான் என்று அதுகளுக்கா தெரியாது? அதனால் பாட்டிலும் ஓவியத்திலும் கதை சொல்வதிலும் பிள்ளைகளைக் கலந்து உட்கார வைக்கிறார். படிப்பில் அரும்பாக இருக்கிறவன் பாட்டில் மலர்!

"டீச்சர், உங்களுக்கும் பரீட்சையா?"

மூன்றாவது திருப்பம்தான் மனசைக் கலக்கியது. 2025 செப்டம்பர் 1-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஏற்கெனவே வேலையில் இருக்கும் டீச்சர்களும், ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருஷத்துக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இல்லாவிட்டால் கட்டாய ஓய்வு. அக்கா சேர்ந்த 2004-ல் அந்தத் தேர்வே கிடையாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு வந்தது அது. தமிழ்நாட்டில் முதல் தடவை நடந்தது 2012-ல்.

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. "இருபத்தோரு வருஷம். எத்தனை பிள்ளைங்களுக்கு 'அ' போடக் கைபிடிச்சேன். இனிமே நான் டீச்சரா இல்லையான்னு ஒரு காகிதம் சொல்லணுமாம்" என்றார். வீட்டுக் கடன் பாதி நிற்கிறது. மூத்த பையன் காலேஜில். தீர்ப்பு சரியா தப்பா என்று சொல்ல எனக்குச் சட்டம் தெரியாது. அந்த ராத்திரி அவர் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் தெரியும்.

இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தை எடுத்து விட்டார். தேர்வுக்கு மொத்தம் 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பிக்கும் முறையும், தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சூழ்நிலையியல் என்று ஐந்து பகுதி, ஒவ்வொன்றும் முப்பது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, இட்லிப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு, வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு உட்காருவார். மத்தியானம் சத்துணவு முடிந்து பிள்ளைகள் விளையாடும்போது மரத்தடியில் பத்துப் பக்கம்.

ஒரு நாள் இரண்டாம் வகுப்புக் குட்டி வந்து எட்டிப் பார்த்தது. "டீச்சர், உங்களுக்கும் பரீட்சையா?"

"ஆமாண்டா."

"ஃபெயிலானா உங்களை யார் அடிப்பாங்க?"

அக்கா அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. அவர் வகுப்பில் பிரம்பு கிடையாது. அப்படியானால் இந்தக் குழந்தை பரீட்சையையும் அடியையும் எங்கே முடிச்சுப் போட்டுக்கொண்டது? நம் வீட்டிலா? யோசிக்க வேண்டியது நாம்தான்.

"படிக்கிறதுல ஒரு நல்லது இருக்கு. குழந்தை மனசைப் பத்தி அந்தக் காலத்துல மனப்பாடம் பண்ணி எழுதினேன். இப்போ ஒவ்வொரு வரியிலும் ஒரு பிள்ளை முகம் தெரியுது" என்றார் பிறகு. பரீட்சை அவரை அளக்குமா, அந்தத் தப்பு விடை நோட்டு அளக்குமா என்று என்னைக் கேட்டால், நான் நோட்டைத்தான் காட்டுவேன். ஆனால் இரண்டையும் விடாமல் செய்கிறாரே, அதற்காகவே அவருக்குத் திருஷ்டி சுற்றிப் போட வேண்டும்.

நம்மால் ஆனது

சகோதரிகளே, டீச்சர் கற்றுக்கொள்வதில் தாய்மார்களுக்கும் பங்கு உண்டு. அக்காவிடம் கேட்டு எழுதிக்கொண்ட சில யோசனைகள்:

1. பிள்ளை வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு எதுலே குழம்பினே?" என்று கேளுங்கள். தப்பு விடை இருந்தால் ரப்பரை எடுப்பதற்கு முன், "எப்படிப் போட்டே?" என்று சொல்ல விடுங்கள்.

2. மனப்பாடமா, படிப்பா என்று பார்க்க, வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

3. கழித்தல், கூட்டல் எல்லாம் மளிகைக் கடையில் நடக்கட்டும். சில்லறையைப் பிள்ளையே எண்ணி வாங்கட்டும்.

4. பிள்ளை போர்டுக்குப் பக்கமாகவே போய் உட்கார்ந்தாலோ, எழுத்து மாறி மாறி விழுந்தாலோ, திட்டுவதற்கு முன் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதையும் பாருங்கள்.

5. பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் குறை மட்டும் சொல்லாமல், பிள்ளை வீட்டில் எதில் ஆர்வமாக இருக்கிறது என்றும் சொல்லுங்கள். டீச்சருக்கு அது பொக்கிஷம்.

இதழைப் படிக்கும் டீச்சர் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. சத்தம் போட்டுச் சத்தத்தை அடக்க வேண்டாம். கைதட்டலோ சின்ன மணியோ போதும். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். தொண்டைக் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் நீர்க்கடுப்புத்தான் மிச்சம். தரையில் உட்கார்ந்து எழ முழங்கால் மறுத்தால், ஒரு குட்டி முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் கண் மட்டத்துக்கு வந்தால் சரி. பாய்தான் வேண்டும் என்று சட்டமில்லை.

உங்கள் பிள்ளையின் டீச்சர் புதிதாகச் செய்த ஏதாவது ஒன்று உங்களுக்குப் பிடித்திருந்ததா? நாலு வரி எழுதிப் போடுங்கள். முடிந்தால் அந்த டீச்சரிடமும் நேரில் சொல்லுங்கள். குறை சொல்லப் பள்ளி வாசலில் எத்தனையோ பேர் நிற்பார்கள். நிறை சொல்ல ஆள் குறைவு.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் துணி உலர்த்துவது பற்றியும், பள்ளிச் சீருடையில் பூஞ்சக்கறை போக்குவது பற்றியும் பார்ப்போம். வரட்டுமா?